சரிவு நிலத்தில் சிறிய வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரிவான மனை கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, மண்வாரி இயந்திரத்தை வரவழைத்து நிலத்தைச் சமப்படுத்துவதுதான். வீண்செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மட்டமாக்கினால், வீட்டின் ஒரு பாதி கெட்டி நிலத்திலும் மறுபாதி புது மண்ணிலும் நிற்கும். எவ்வளவு திமிசு போட்டாலும் கொட்டிய மண் கொஞ்சமாவது அமுங்கும். சில மழைக்காலங்கள் கழிந்ததும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். பூசி மறைத்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். கீழ்ப்பக்கத் தூண்கள் எவ்வளவு ஆழம் போனாலும் சரி, அஸ்திவாரம் முழுவதும் கெட்டி நிலத்தில்தான் உட்கார வேண்டும்.

மட்டம் பார்க்காமல் வரைபடம் போடுவது அடுத்த தவறு. 4 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், ஆழம் (முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையுள்ள நீளம்) 10 மீட்டராக உள்ள வீட்டின் முன்னுக்கும் பின்னுக்கும் 2.5 மீட்டர் வித்தியாசம் வரும். ஏறக்குறைய ஒரு மாடி உயரம்! வீட்டின் ஆழத்தை 5 மீட்டராகக் குறைத்து, அதே பரப்பைச் சரிவுக்குக் குறுக்கே நீட்டினால் இது பாதியாகிவிடும். நடுவில் எட்டுப் படி வைத்துத் தளத்தை இரண்டாகப் பிரித்தால் நிலத்தை அதிகம் வெட்டவே வேண்டாம். சிறிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது தடுப்புச்சுவர். அது மண்ணை மட்டும் தாங்கினால் போதும் என்று நினைக்கிறோம். பல சுவர்களைச் சாய்ப்பது மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர். சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் அரை டன் விசை அழுத்தும். 2 மீட்டர் நின்றால் 2 டன். சுவரில் தண்ணீர் வெளியேறக் கசிவுத் துளைகளை வைத்துவிட்டு, பின்னால் களிமண்ணையே கொட்டி அடைத்துவிடுகிறார்கள். அங்கே ஜல்லி வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணியும், அடியில் தண்ணீரை வெளியேற்றும் துளைக் குழாயும் வேண்டும். ஒரே உயரமான சுவரைவிட, போதிய இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு குட்டைச் சுவர்கள் நல்லது. வீட்டின் மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டி, வரும் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

மரங்களை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வேர்கள்தான் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. கான்கிரீட் லாரி எதுவரை வரும் என்பதையும் முன்பே பாருங்கள். சாக்கடை இணைப்பு வீட்டைவிட உயரத்தில் இருந்தால் கழிவுநீரைப் பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கீழ்த்தளத்தில் குளியலறை வரைவதற்கு முன்பே அந்த மட்டத்தை அளந்துவிடுங்கள்.