வடசென்னைத் தெருக்களில் சிக்னல் வரைபடம் தயாரிப்பது எப்படி?

கைப்பேசித் திரையில் தெரியும் கோடுகளை வைத்து வரைபடம் போட முடியாது. அவற்றின் பொருள் கருவிக்குக் கருவி மாறும். ஆண்ட்ராய்டில் ஓர் அளவீட்டுச் செயலியை நிறுவி, 4ஜி வலையமைப்பில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் ஆகிய இரண்டையும் செல் எண் (கைப்பேசி இணைந்திருக்கும் டவர்ப் பகுதியின் அடையாள எண்), அலைவரிசை, ஜிபிஎஸ் இடம், நேரம் ஆகியவற்றோடு பதிவு செய்ய வேண்டும். முன்னது சிக்னலின் வலுவைச் சொல்லும். பின்னது, மற்ற டவர்களின் குறுக்கீட்டுக்கு நடுவே அது எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதைச் சொல்லும். வலுவை மட்டும் வண்ணமிட்ட வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், திட்டமிட உதவாது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வண்டியில் போகலாம். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நடந்துதான் ஆக வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 17 செ.மீ. என்பதால், கையை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு ஏறி இறங்கும். ஆகவே தெருவை 20 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாற்பது பதிவுகளாவது சேரும்படி போகவர நடந்து, இடைநிலை மதிப்பை எடுப்பது நல்லது. தொடக்கத்தில் நான் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்து நடந்ததில், போகும்போது ஓர் எண்ணும் திரும்பும்போது வேறோர் எண்ணும் வந்தன. டவருக்கும் கருவிக்கும் இடையே என் உடம்பே மறைப்பாக நின்றிருந்தது.

நேரத்தைத் தேர்வதில்தான் உள்ளூர் அறிவு கைகொடுக்கும். பயன்பாடு கூடக்கூட எஸ்ஐஎன்ஆர் சரியும் என்பதால், எம்.சி. ரோட்டை மாலைக் கடைக்கூட்டத்திலும், காசிமேட்டை மீன் ஏலம் நடக்கும் விடியற்காலையிலும் அளக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது ஒருமுறை, சாலை காலியாக இருக்கும்போது ஒருமுறை. இரும்புப் பெட்டிகள் அலையை மறைக்கவும் செய்யும், திருப்பியடிக்கவும் செய்யும்.

பதிவுகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, இரு அளவுகளையும் தனித்தனி அடுக்குகளாக வையுங்கள். ஆர்எஸ்ஆர்பி −85 டிபிஎம் என நல்ல வலுவில் இருந்தும் எஸ்ஐஎன்ஆர் சுழியத்துக்குக் கீழே கிடந்தால், அங்கே பெரும்பாலும் பல டவர்களின் சிக்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. புது டவர் போட்டால் குறுக்கீடு கூடவே வாய்ப்புண்டு, ஆன்டெனாவின் சாய்வை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை. ஆர்எஸ்ஆர்பியே −110க்கும் கீழே போனால் பற்றாக்குறை உண்மையானது, அங்கே சிறு செல் (குறுகிய தூரத்துக்கான சிறிய அலைபரப்பி) பொருந்தலாம். அளக்காத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள், மென்பொருள் நிரப்பித் தந்தாலும் ஏற்காதீர்கள். மாற்றம் செய்த பிறகு அதே கைப்பேசியுடன், அதே வழியில், அதே நேரத்தில் மீண்டும் நடக்க வேண்டும்.