பச்சிளம் குழந்தையின் இதய எக்கோ: எங்கே தவறுகிறோம்?

ஒலியலைகளால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனைதான் எக்கோ. அதற்காகத் தடவும் குளிர்ந்த ஜெல் மார்பில் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுகிறது. அழுகையில் நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறி, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள திறப்பில் ரத்தம் வலமிருந்து இடமாகப் பாயக்கூடும். அதை நோய் என்று எழுதிவிட்டால், நாமே உண்டாக்கியதைத்தான் அறிக்கையில் பதிகிறோம். ஜெல்லை வெதுவெதுப்பாக்குங்கள். குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்கு அடியிலேயே, வேண்டிய இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். குறைமாதக் குழந்தையின் மேல் வயிற்றில் ஒலியலையை அனுப்பும் கருவியான புரோப்பை அழுத்தினால் மூச்சே தடைப்படும். கை லேசாக இருக்கட்டும், ஆக்சிஜன் அளவை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பிறந்த இதயத்தை மாறாத இதயமாக நினைப்பது. கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்திருந்த டக்டஸ் என்னும் குழாய், நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் சுருங்கி மூடிக்கொள்ளும். அது திறந்திருக்கும்வரை பெருந்தமனியின் குறுகல் தன்னைக் காட்டாமல் இருக்கலாம். உடலின் கீழ்ப்பகுதிக்கு டக்டஸ் வழியாகவே ரத்தம் போவதால் தொடை நாடியும் நன்றாகவே தட்டுப்படும். முதல் நாளில் ‘இயல்பு’ என்று வாங்கிய சான்றோடு வீடு போன குழந்தை, சில நாட்களில் ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) திரும்பி வருவது இப்படித்தான். டக்டஸ் திறந்திருந்தால் அதையும், குழந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். மூடிய பிறகு மறுபடி பாருங்கள். கீழறைச் சுவரின் ஓட்டையும் இதே வகைதான்: நுரையீரல் ரத்தக் குழாய்களின் எதிர்ப்பு இறங்காத முதல் நாட்களில் அதில் பாய்ச்சல் குறைவு, ஸ்டெதாஸ்கோப்பில் இதய முணுமுணுப்பும் கேட்காமல் போகலாம்.

நான் மிகவும் அஞ்சுவது நுரையீரல் சிரைகளைத் தேடாமல் விடுவதை. அவை நான்கும் இடது மேலறைக்கு வராமல் வேறிடத்தில் சேர்ந்தால், குழந்தை நீலம் பாரிக்கும், இதயத்தின் வலப்பக்கம் விரியும். திரையில் நுரையீரல் உயர் அழுத்தத்தைப் போலவே தெரியும். ஆனால் தீர்வு அறுவைச் சிகிச்சை. சிரை ஓட்டம் மெதுவானது. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரின் வேக அளவைக் குறைத்தால்தான் கண்ணில் படும். நான்கையும் பார்க்க முடியவில்லை என்றால், பார்க்க முடியவில்லை என்றே எழுத வேண்டும்.

டாப்ளர் கோணத்திலும் கவனம் வேண்டும். ஒலியலைக் கதிர் ரத்த ஓட்டத்துக்கு 60 பாகை சாய்ந்தால் வேகம் பாதியாகத் தெரியும். அழுத்த வேறுபாடு வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கிக் கணக்கிடப்படுவதால், 64 மில்லிமீட்டர் பாதரசம் 16 ஆகக் குறைந்துவிடும். கடுமையான அடைப்பு லேசானதாகப் பதிவாகும்.

குறைமாதக் குழந்தைக்கு மூடாமல் இருக்கும் டக்டஸை மூட இபுபுரோஃபென் மருந்து கொடுக்கும் முன், இதயத்தின் முழு அமைப்பையும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அந்தக் குழாயை நம்பியே உயிர் ஓடும் பிறவிக் குறைகள் உண்டு.

எக்கோவுக்காகக் காத்திருப்பதும் தவறாகும் நேரம் ஒன்று உண்டு. பிறந்து சில நாளே ஆன குழந்தை வெளிறி, தொடை நாடி கிடைக்காமல் வந்தால், டக்டஸைத் திறந்துவைக்கும் ப்ராஸ்டாகிளாண்டினை உடனே தொடங்க வேண்டும். அந்த மருந்து மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால் செயற்கைச் சுவாசத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு தொடங்குங்கள். படத்தை அதன் பிறகு எடுக்கலாம்.