சர்வரில் இருக்கும் ஐஎஸ்ஓ மவுண்ட் ஆகவில்லையா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கம்ப்யூட்டர் சென்டர், காலேஜ் லேப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது. சர்வர் ஷேரில் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில்) உள்ள ஐஎஸ்ஓவை, அதாவது ஒரு டிவிடி முழுவதையும் ஒரே ஃபைலாக்கியதை, மவுண்ட் செய்ய (தனி டிரைவ் போலத் திறக்க) டபுள் கிளிக் செய்தால், சில சமயம் ஃபைல் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் ஃபார்மட்) டிரைவில் இருக்க வேண்டும், கம்ப்ரஸ் ஆன ஃபோல்டரில் இருக்கக் கூடாது என்று விண்டோஸ் சொல்லும். ஃபைல் கெட்டுவிட்டது என்று உடனே அழித்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் காரணம் 'ஸ்பார்ஸ்' அடையாளம், அதாவது ஃபைல் தன் முழு அளவுக்கு டிஸ்க்கில் இடம் பிடிக்கவில்லை என்ற குறி. சர்வர் லினக்ஸ் சாம்பாவாக (லினக்ஸ் ஃபைல்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) இருந்து, அதன் டிஸ்க்கில் கம்ப்ரஷனும் இருந்தால், ஃபைல் அளவைவிடப் பிடித்த இடம் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து சாம்பா ஸ்பார்ஸ் என்று காட்டும், விண்டோஸ் அதை மவுண்ட் செய்ய மறுக்கும். ஃபைலின் பிராப்பர்டீஸில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது நன்றாகக் குறைவாக இருந்தால் இதுதான் சிக்கல். சி டிரைவுக்கு காப்பி செய்து அங்கிருந்து மவுண்ட் செய்யுங்கள்.

காப்பியும் திறக்கவில்லையா? சர்வருக்கு ஏற்றும்போது கரண்ட் போய் பாதியில் நின்றிருக்கலாம். மூல ஃபைல், சர்வரில் உள்ள ஃபைல் இரண்டுக்கும் ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற நீண்ட குறியீடு) எடுங்கள். குறியீட்டில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி ஏற்றத்தான் வேண்டும். ரவுட்டரில் செருகிய பென்டிரைவ்தான் ஷேர் என்றால் அது ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் ஃபார்மட்டாகவும் இருக்கலாம். அதில் 4 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள ஃபைல் ஏறாது.

பழைய ஐஎஸ்ஓவை மாற்ற முடியாமல் அடம்பிடித்தால், ஏதோ ஒரு சிஸ்டத்தில் அது இன்னும் மவுண்ட் ஆகியிருக்கலாம். அங்கே போய் எஜெக்ட் செய்யுங்கள்.