எஸ் மட்டுமா பிரச்சினை? சிம்பிள் பிரசன்ட் டென்ஸில் நாம் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் அன்றாட வழக்கத்தையும் நிலையையும் சொல்ல உதவும் சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் என்றதும் எல்லோருக்கும் அந்த எஸ்தான் நினைவுக்கு வரும். ஹி, ஷி, இட் வந்தால் வினைச்சொல்லோடு எஸ் சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்போம். ஆனால் தமிழ் பேசுபவர்களின் ஆங்கிலத்தைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தால், எஸ்ஸை விட்டுவிடுவதைவிடப் பெரிய தவறு வேறு இடத்தில் நடக்கிறது. இந்த டென்ஸ் வரவேண்டிய இடத்துக்கு வேறொன்றைக் கொண்டுவந்து விடுகிறோம்.

இன்டர்வியூவில் "உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேட்கிறார்கள். பதில் இப்படி வருகிறது: "ஐ வில் வேக் அப் அட் சிக்ஸ். ஐ வில் டிரிங்க் காபி. தென் ஐ வில் கோ ஃபார் எ வாக்." ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவருக்கு, இவர் நாளைய திட்டத்தைச் சொல்கிறார் என்றுதான் படும். இது எங்கிருந்து வருகிறது என்பது தெளிவு. "ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், காபி குடிப்பேன், அப்புறம் வாக்கிங் போவேன்" என்றுதான் தமிழில் சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் அன்றாட வழக்கம். தமிழில் எதிர்கால வினை இந்த இரண்டு வேலையையும் பார்க்கும். ஏன், "தாத்தா அந்தக் காலத்தில் சந்தைக்கு நடந்தே போவார்" என்று முடிந்துபோன வழக்கத்தைச் சொல்லவும் அதே வடிவம்தான். ஆங்கிலத்தில் அன்றாட வழக்கத்துக்கு நேரடியாக "ஐ வேக் அப் அட் சிக்ஸ், ஐ டிரிங்க் காபி" போதும். ஒருவருடைய குணத்தைச் சொல்ல "வில்" போடும் பழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடங்கும் நிலையில் இருப்பவர்கள் தினமும் நடப்பதைச் சொல்லும்போது "வில்" பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு பக்கம் "கிறேன்" இருக்கிறது. "நான் பால் குடிக்கிறேன்" என்றால் இந்த நிமிடம் குடிப்பதாகவும் இருக்கலாம், தினமும் குடிப்பதாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். இப்போது டம்ளர் கையில் இருந்தால் "ஐ ஆம் டிரிங்கிங் மில்க்", வழக்கம் என்றால் "ஐ டிரிங்க் மில்க்". இந்த வித்தியாசம் பிடிபடாததால் "ஐஎன்ஜி" எங்கும் நுழைந்துவிடுகிறது. "ஐ ஆம் ஹேவிங் த்ரீ சிஸ்டர்ஸ்", "ஐ ஆம் நோயிங் ஹிம்", "இட் இஸ் டிபெண்டிங் ஆன் தி வெதர்" எல்லாம் அப்படி வந்தவை. தெரிந்திருப்பது, சொந்தமாக இருப்பது, பிடித்திருப்பது, நம்புவது எல்லாம் ஒரு நிலை. நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை. அதனால் "ஐ ஹேவ் த்ரீ சிஸ்டர்ஸ்", "ஐ நோ ஹிம்". ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரிதான், அங்கே "ஹேவ்" என்பது சாப்பிடுவது. அதேபோல், ஒருவரின் சொந்த ஊரைக் கேட்க "வேர் டூ யூ கம் ஃப்ரம்?" என்பதே பொருத்தம். "வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?" என்றால் இப்போது எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆகிவிடும். அவர் "பஸ் ஸ்டாண்டிலிருந்து" என்று பதில் சொன்னால் அவர்மேல் தப்பில்லை.

"2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்" என்பது நல்ல தமிழ். அதை "ஐ ஒர்க் ஹியர் சின்ஸ் 2015" என்று மாற்றினால் தவறாகிவிடும். முன்பே தொடங்கி இன்னும் தொடர்வதைச் சொல்ல சிம்பிள் பிரசன்ட் உதவாது. "ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் சின்ஸ் 2015" என்று சொல்ல வேண்டும். நேர்மாறாக, எதிர்காலத்தைப் பேசும்போதே சிம்பிள் பிரசன்ட் கேட்கும் இடமும் இருக்கிறது. "வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்பதில் முதல் "வில்" கூடாது. "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்" என்பதே சரி. "இஃப்" வரும்போதும் பெரும்பாலும் இதே கதைதான்.

சரி, அந்த எஸ்ஸுக்கு வருவோம். செய்கிறேன், செய்கிறாய், செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்துப் பேசுகிற நமக்கு ஒரே ஒரு எஸ் பாரமாகத் தெரிவது வேடிக்கைதான். ஆங்கிலத்திலும் முன்பு விகுதிகள் கூடுதலாக இருந்தன. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் "கோஸ்" இருக்காது, "கோயெத்" என்றுதான் இருக்கும். எஸ் வடக்கு இங்கிலாந்துப் பேச்சிலிருந்து பரவியது. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியின் பழைய வட்டார வழக்கில் "ஹி கோ" என்றே சொல்வார்கள். தேர்வுத்தாளில் இந்தச் சமாதானம் எடுபடாது என்பது வேறு விஷயம்.

எஸ்ஸை மறப்பவர்களைப் போலவே இரண்டு முறை போடுபவர்களும் நிறையப் பேர். "டஸ் ஹி ஒர்க்ஸ் ஹியர்?", "ஷி டஸ்ன்ட் ஹேஸ் டைம்" போன்றவற்றைத் தினமும் கேட்கலாம். "டூ" ஏற்கெனவே "டஸ்" ஆகி அந்த எஸ்ஸை வாங்கிக்கொண்டுவிட்டது; அடுத்த வினைச்சொல் வெறுமனே நிற்க வேண்டும். "டஸ் ஹி ஒர்க் ஹியர்?", "ஷி டஸ்ன்ட் ஹேவ் டைம்". "கேன்", "மஸ்ட்" வந்தாலும் எஸ் வராது: "ஹி கேன் ஸ்பீக்". கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்கும்போது மட்டும் கவனம் தேவை. "வேர் டஸ் ஹி லிவ்?" என்பது கேள்வி. "ஐ டோன்ட் நோ" சேர்ந்தால் "டஸ்" போய்விடும், எஸ் வினைச்சொல்லுக்கே திரும்பிவிடும்: "ஐ டோன்ட் நோ வேர் ஹி லிவ்ஸ்".

"ஐ ஆம் கோ", "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்ட்", "ஆர் யூ லைக் காபி?" என்று "ஆம்", "ஆர்" சேர்ப்பதற்குக் காரணமே இல்லை, எடுத்துவிடுங்கள். "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்", "டூ யூ லைக் காபி?" போதும்.

யாருக்கு எஸ் என்பதிலும் குழப்பம் உண்டு. "மை பேரன்ட்ஸ்" என்பதன் கடைசியில் எஸ் ஒலிப்பதால் வினைக்கும் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் இருவர், எனவே "மை பேரன்ட்ஸ் லிவ்". "எவ்ரிபடி" எல்லோரையும் குறித்தாலும் ஒருமைதான்: "எவ்ரிபடி நோஸ்". "ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்" என்பதில் கணக்கில் வருவது "ஒன்", அதனால் "ஒர்க்ஸ்". "போலீஸ்" மட்டும் பன்மை: "தி போலீஸ் நோ".

எழுதும்போது, சொல் எஸ், எஸ்ஹெச், சிஹெச், எக்ஸ் என முடிந்தால் இஎஸ் சேரும். "கோ", "டூ" இரண்டுக்கும் இஎஸ்தான். கடைசி எழுத்து ஒய்யாக இருந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். "ஸ்டடி"யில் ஒய்க்கு முன் டி இருப்பதால் ஒய் போய் ஐஇஎஸ் வரும். "ப்ளே", வாங்குவதைக் குறிக்கும் "பை" போன்றவற்றில் முன்னால் உயிரெழுத்து இருப்பதால் எஸ் மட்டும். உச்சரிப்பில் இரண்டு சொற்களை மட்டும் தனியாக மனதில் வையுங்கள்: "சே" என்பது "சேஸ்" ஆகாது, "செஸ்" என்று குறுகும், "டூ" என்பது "டூஸ்" ஆகாது, "டஸ்".