பழைய புத்தகத்தோடு ராமபாணம் என்கிற புத்தகப் பூச்சியையும் வாங்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கம் போனால், பூட்டிய கடைகளின் வாசலில் பழைய புத்தகங்களைக் குவித்திருப்பார்கள். இப்போது அங்கே கல்லூரிப் பிள்ளைகளையும் நிறையப் பார்க்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் ஏமாந்த இடத்திலேயே அவர்களும் ஏமாறுகிறார்கள். பேரம் படியாமல் பத்து ரூபாய் கூடக் கொடுப்பதை நான் கீழே சொல்லும் தவறுகளில் சேர்க்கவில்லை. வெயிலில் நிற்கிற மனிதருக்குப் போகட்டும்.

பளபளப்பானதை எடுப்பது

கண்ணாடித்தாள் சுற்றி மேலாக அடுக்கியிருக்கும் ஆங்கில நாவல்கள் பெரும்பாலும் பழைய புத்தகமே இல்லை, திருட்டு அச்சு. எழுத்து கலங்கியிருக்கும், வரி கோணலாகப் போகும். குவியலின் அடியைக் கிளறுங்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் இரண்டின் தமிழ்ப் புத்தகங்கள் இன்றைக்கும் அங்கேதான் கையில் தட்டுப்படும்.

"அடுத்த வாரம் வாங்கிக்கலாம்"

இருக்காது.

ராமபாணத்தை வீட்டுக்குக் கூட்டி வருவது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் தொடர்கதை பைண்டு வால்யூம்களை எடுத்தான். யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தவை, ஓவியர் கோபுலுவின் படங்களோடு. ஆசைப்பட வேண்டிய சரக்குதான். ஆனால் முதுகில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள். "தட்டிப் பாரு தம்பி" என்றேன். தட்டினான், மாவாகக் கொட்டியது. "பழசுன்னா அப்படித்தான் சார், அதுதானே அழகு" என்றான். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். அவன் தாத்தாவின் அலமாரியில், தாத்தா பென்சிலால் குறிப்பெழுதிய புத்தகங்களுக்கு நடுவே அந்த வால்யூம்களைச் செருகியிருக்கிறான். ஓட்டை அட்டையைத் துளைத்துப் பக்கத்துப் புத்தகத்துக்குள் நுழைந்து, அடுத்ததற்கும் போயிருந்தது. இருநூறு ரூபாய்ச் சரக்குக்காகத் தாத்தாவின் கையெழுத்து போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

கட்டுக்குள் இருந்து தின்பது வண்டின் புழு. மைதாப் பசை என்றால் அதற்கு விருந்து. அதற்காகத்தான் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். வீட்டிலேயே ஒட்டித் தைத்தவர்கள் பலர் கலக்கவில்லை. அதனால் பைண்டு வால்யூம் என்றால் இரட்டைச் சந்தேகம் வேண்டும். முதுகை உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். ஓட்டை கறுத்து, தூள் விழாமல் இருந்தால் பழைய கதை. வெளிறிய தூள் புதிதாகக் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கலாம். வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

விடவே மனசில்லையா? அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றைப் பிதுக்கி இறுக மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டில் திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் ஈரம் தாளில் இறங்கிவிடும். அந்துருண்டை உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது, வசம்பும் அப்படித்தான். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் தாள்தான் பழுத்து நொறுங்கும்.

கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது

முதலில் உதிர்வது கடைசி அத்தியாயம்தான்.

செலோடேப்

ஒட்டாதீர்கள்.

மூர் மார்க்கெட்டைத் தேடி அலைவது

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகங்கள் விற்ற அந்தச் சந்தை 1985-லேயே எரிந்துபோயிற்று. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது.

கடைக்காரர் முன்னால் போனில் விலை பார்ப்பது

ஆன்லைனில் அந்தப் புத்தகம் ஆயிரத்து இருநூறு என்று நண்பனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாள் ஒரு பெண். அதுவரை எண்பது ரூபாய் சொல்லிக்கொண்டிருந்தவர் புத்தகத்தை வாங்கித் துணியால் துடைத்தார். "இது எறநூறுமா" என்றார்.