1965 மஸ்டாங்கின் உயரத்தை இறக்கும்போது சஸ்பென்ஷன் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர்டின் பழைய மஸ்டாங் கார் ஓர் அங்குலம் இறங்கி நின்றாலே அதன் தோரணை மாறிவிடும். 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது முன் சக்கரத்துக்கும் அதற்கு மேலே உள்ள தகடான ஃபெண்டருக்கும் நடுவே இருந்த இடைவெளி இன்றைய கண்ணுக்கு அதிகமாகத்தான் தெரிகிறது. அதனால் 1965, 1966 கார்களை வாங்குகிறவர்கள் என்ஜினுக்கு அடுத்தபடியாகக் கை வைப்பது சக்கரங்களை உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனில். பணம் வீணாவதும் அங்கேதான் அதிகம். பொருள் மட்டமாக இருப்பதால் இப்படி ஆவது குறைவு. காரை இறக்கும்போது உயரத்தோடு சேர்ந்து வேறு என்னென்ன மாறுகிறது என்று பார்க்காமல் வாங்குவதே பெரும்பாலும் காரணம்.

மஸ்டாங்கைச் சிலர் மசில் கார் என்பார்கள், சிலர் போனி கார் என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அடியில் இருப்பது 1960-இல் வந்த ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அமைப்பு. முன்பக்கம் மேலும் கீழுமாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்கள். சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்து, என்ஜின் அறையின் இருபுறமும் இருக்கும் ஷாக் டவர் என்ற தகட்டுக் கூட்டுக்குள் ஏறி நிற்கும். பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்ஸில், பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் கடையில் எதையும் தொட வேண்டும்.

உயரத்தைப் பார்த்து, பயணத்தை மறப்பது

சக்கரம் மேலே எழும்பி, அதன் பயணத்தை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைத் தொட 3 அங்குலம் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அங்குலம் இறக்கினால் பாதி இடம் போய்விட்டது. முன்பு 3 அங்குலத்தில் அடங்கிய அதே அடி இப்போது ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாதி தூரத்தில் அதே வேலையை முடிக்க, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கின் பங்கைக் கழித்துப் பார்த்தால், 4 மடங்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். தெருவில் ஓடும் காரில் அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

இதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இறக்கிய பிறகு கார் தூக்கிப் போட்டால், புது ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஸ்பிரிங் மீது தப்பில்லை, கார் பம்ப் ஸ்டாப்பில் மோதிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் பின்பக்க பம்ப் ஸ்டாப்பின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு, தினமும் போகும் வழியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பாருங்கள். ஆக்ஸிலில் கிரீஸ் ஒட்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. மென்மையான ஸ்பிரிங்குக்கு மாறினால் அந்தக் காரில் நிலைமை இன்னும் மோசமாகும்.

மிஷிகன் மாதிரி குளிர்காலம் முடிந்ததும் சாலை முழுக்கப் பள்ளம் விழும் ஊரில் ஓட்டுகிறவர்களுக்கு என் கருத்து: ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2 அங்குலம் இறக்கிய கார் படத்தில் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கை வெட்டுவது, கட்டை வைப்பது

காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது குட்டையாவதோடு விறைப்பும் கூடுகிறது. 8 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய 14 சதவீதம் ஏறும். அதுவே ஒன்றும் குற்றமில்லை. மஸ்டாங்கில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் மேல் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், அதன் நீளத்தில் குறையும் ஒவ்வோர் அரை அங்குலமும் சக்கரத்தில் சுமார் ஓர் அங்குலமாகத் தெரியும். கொஞ்சம்தானே என்று வெட்டியவர்கள் கார் தரையோடு படுத்துவிட்டதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். கேஸ் டார்ச்சால் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். எஃகின் பதம் கெட்டு, நாளடைவில் தொய்ந்துவிடும், சில சமயம் உடைந்தும் போகும்.

ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் இருப்பதால் விறைப்பு எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அங்குலத்துக்கு 620 பவுண்டு என்று விற்கப்படும் முன் ஸ்பிரிங் கேட்கப் பயங்கரமாக இருக்கும். அது பாதித் தூரத்தில் உட்காருவதால், சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு கிட்டத்தட்ட கால்வாசிதான். வேறு காரின் எண்ணோடு இதை ஒப்பிட்டு வாங்கினால் கணக்கு முழுக்கத் தப்பும்.

பின்பக்கம், ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்து இறக்குவது மலிவான வழி. கட்டையின் உயரம் கூடக்கூட, முடுக்கும்போது ஆக்ஸில் ஸ்பிரிங்கை எஸ் வடிவத்தில் முறுக்கும் பலமும் கூடுகிறது. வி8 காரில் சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பிரிங் நுனியில் இருக்கும் வளையம் வழக்கமாகப் பட்டைக்கு மேலே சுருட்டப்பட்டிருக்கும். அந்த வளையம் பட்டையின் நடுமட்டத்தில் வரும்படி செய்த மிட்-ஐ ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. கட்டையே இல்லாமல் கார் இறங்கும். கூடுதல் பணம் அதற்குத் தகும்.

பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங்

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, ஷாக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது அதை அடக்க ஷாக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும். தொய்ந்த பழைய ஷாக்கால் அது முடியாது. நெடுஞ்சாலையில் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஆடினால், குறை அங்கேதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது என்றால் முதலில் நல்ல ஷாக்கை வாங்குங்கள், காரை இறக்குவது தள்ளிப் போகட்டும்.

செலவில்லாத வேலையைத் தாண்டிப் போவது

இந்தக் காருக்கு என்றே செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றத்துக்குப் புதுப் பொருள் எதுவும் தேவையில்லை. பக்கத்துக்கு இரண்டு துளை போட்டால் போதும்.

1965, 1966 மஸ்டாங்கின் மேல் ஆர்ம் ஷாக் டவரில் பொருந்தும் இடம் உயரமாக இருக்கிறது. வளைவில் உடல் சாயும்போது, பாரம் தாங்கும் வெளிச்சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்கிறது. டயர் தன் விளிம்பில் நின்று ஓடுகிறது. ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் இதற்குக் கண்ட தீர்வு, மேல் ஆர்மின் பொருத்து இடத்தைக் கீழே கொண்டுவருவது. பந்தய வீரர் கரோல் ஷெல்பி மஸ்டாங்கை மாற்றியமைத்து உருவாக்கிய 1965 ஜிடி350 அந்த அமைப்போடுதான் வெளிவந்தது. கூடவே கோனி ஷாக்கும் ஓர் அங்குலத் தடிமனுள்ள முன் ஆன்ட்டி ரோல் பாரும் (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தன. 1966 மாடல் ஓடிக்கொண்டிருந்தபோது செலவைக் குறைக்க அந்தத் துளை வேலையைக் கைவிட்டார்கள். ஷெல்பி டிராப் என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆர்மைக் கழற்றி, பழைய துளைகளிலிருந்து ஓர் அங்குலம் கீழே, எட்டில் ஒரு பங்கு அங்குலம் பின்னே தள்ளிப் புதுத் துளை போட வேண்டும். துளை இடத்தைக் காட்டும் அச்சுத் தகடு விற்கிறார்கள். அதைப் பழைய துளையில் போல்ட் போட்டு இறுக்கி, மையத்தில் சென்டர் பஞ்சால் அடித்து, முதலில் சிறிய டிரில்லில் துளைத்து, பிறகு பெரிதாக்குங்கள். வேலை முடிந்தால் சக்கரம் எழும்பும்போது மேற்பகுதி உள்ளே சாயத் தொடங்கும், வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும் உயரும். காரும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஸ்பிரிங் வாங்க வேண்டும். ஓர் அங்குலம் இறங்கும் ஸ்பிரிங்கை ஏற்கெனவே போட்டுவிட்டு மேலே இதையும் செய்தால் வேண்டியதைவிடத் தாழ்ந்துவிடும்.

ஓர் அங்குலம் நல்லதென்றால் ஒன்றே முக்கால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அந்த அளவில் மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தன் சாய்வின் எல்லையை எட்டிவிடும். அதற்கென்று ஆப்புத் தகடு வைக்காமல் செய்யக்கூடாது. தெருக் காருக்கு ஓர் அங்குலம் போதும்.

வெறும் ஸ்பிரிங்கால் மட்டும் இறக்கும்போது, காரின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் அதிகமாக இறங்கிவிடலாம். அப்போது இறக்கிய கார் முன்பைவிடக் கூடுதலாகச் சாய முயலும். அதைத் தடுக்கப் பெரிய ஆன்ட்டி ரோல் பார் வாங்குகிறார்கள். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எட்டில் ஏழு பங்கு அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குப் போனாலே 70 சதவீதம் ஏறிவிடும். அதற்கும் மேலே போக எந்தத் தேவையும் இல்லை. என்ஜின் கனத்தால் ஏற்கெனவே மூக்கு பாரமான கார் இது. முன்பக்கம் மேலும் விறைத்தால் வளைவில் திரும்ப மறுக்கும்.

எல்லா இடத்திலும் பாலியூரித்தேன்

சிவப்பு நிறத்தில் முழு செட்டாகக் கிடைப்பதால் மூட்டுகளில் இருக்கும் எல்லா ரப்பர் புஷ்ஷையும் விறைப்பான பிளாஸ்டிக்கான பாலியூரித்தேனுக்கு மாற்றிவிடத் தோன்றும். ஆன்ட்டி ரோல் பாருக்குப் பாலியூரித்தேன் நல்லது. கீழ் ஆர்மிலிருந்து முன்னோக்கிப் போகும் ஸ்ட்ரட் ராடில் மட்டும் வேண்டாம். அந்தக் கம்பி சக்கரத்தோடு மேலும் கீழும் சாய வேண்டும், ரப்பர் அதற்கு வழி விடுகிறது. விறைத்த பாலியூரித்தேன் வழி விடாது. ஒவ்வொரு குழியிலும் மரை இருக்கும் இடத்தில் கம்பி வளைந்து வளைந்து கடைசியில் முறிந்து போகும். ஓடும்போது ஸ்ட்ரட் ராடு முறிந்தால் சக்கரம் பின்னோக்கி இழுத்துக்கொள்ளும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ரப்பர் போடுங்கள், இல்லையென்றால் உருண்டை மூட்டு வைத்த ஸ்ட்ரட் ராடு வாங்குங்கள்.

ரப்பர் புஷ் போடுகிறவர்கள் செய்யும் தவறு இன்னொன்று. காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே கீழ் ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் முறுகிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழியும், காரின் உயரத்தையும் பொய்யாகக் காட்டும். போல்ட்டைக் கையால் பொருத்தி, சக்கரத்தில் முழு எடையும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு கொடுங்கள்.

பந்தயக் காரின் பொருளை வாங்குவது

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாக் இருந்த இடத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இணைந்த காயிலோவர் மாட்டும் ஆசை பலருக்கு உண்டு. இந்தக் காரில் பின் ஷாக்கின் மேல்முனை பொருந்துவது தகட்டில். ஷாக்கின் விசையைத் தாங்கச் செய்த இடம் அது, காரின் எடையைத் தாங்க அல்ல. தனியாகச் சட்டம் வைத்து வெல்டு செய்யும் முழு அமைப்பாக இல்லாவிட்டால் தகடு வெடிக்கும். முன்பக்கம் ஷாக் டவரை வெட்டி எறிந்துவிட்டு 1970களில் வந்த மஸ்டாங் 2 காரின் வகை முன் சஸ்பென்ஷன் வைப்பதும் அப்படித்தான். பெரிய என்ஜினுக்கு இடம் வேண்டுமென்றால் அதற்கு நியாயம் உண்டு. வளைவில் நன்றாக ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் செய்வது தேவையற்ற செலவு.

அதற்கு முன் காரின் உடல் தாங்குமா என்று பாருங்கள். தனிச் சட்டம் இல்லாத உடல் இது. துரு தின்ற ஷாக் டவரில் 620 பவுண்டு ஸ்பிரிங் வைத்தால் விரிசல் நிச்சயம். டவர்களைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள சுவரோடு இணைக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸ் விலை குறைவு, பலன் அதிகம்.

டிஸ்க் பிரேக்குக்காக 1970களின் ஃபோர்டு கிரனாடா காரின் ஸ்பிண்டிலை (சக்கரம் சுழலும் அச்சுத் துண்டு) வாங்கி மாட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அதில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு வேறு உயரத்தில் பொருந்துவதால், சக்கரம் எழும்பும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே அது திரும்பும். இறக்கிய காரில் இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும்.

அலைன்மென்ட் கடையில்

1965 புத்தகத்தில் இருக்கும் சக்கரக் கோண அளவுகள் அந்தக் காலத்து பயாஸ் டயருக்கானவை. ரேடியல் டயரோடு இறக்கிய காரை அதே அளவில் வைத்தால் செய்த வேலையெல்லாம் பாழ். வேண்டிய எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) மைனஸ் அரை முதல் ஒரு டிகிரி, கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்வு) பிளஸ் 3 டிகிரி அளவில், டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பும் அளவு) எட்டில் ஒரு பங்கு அங்குலம். 1966 வரையிலான கார்களில் கேம்பரும் கேஸ்டரும் மேல் ஆர்முக்குப் பின்னால் வைக்கும் ஷிம் தகடுகளால் சரிசெய்யப்படுகின்றன, 1967 முதல் முறை வேறு. கடைக்காரருக்கு அது தெரியுமா என்று கேட்டுவிட்டே காரை விடுங்கள்.

புது ஸ்பிரிங் சில நூறு மைல்களில் இன்னும் கொஞ்சம் உட்காரும். அப்போது பின் ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்து, அலைன்மென்ட்டை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.