சைக்கிளை மாட்டிவைத்த பிறகு: ஆஃப் சீசனை எப்படித் தொடங்குவது?

சீசன் முடிந்தாயிற்று. கடைசிப் பந்தயமோ கடைசி நெடும்பயணமோ போய்வந்துவிட்டீர்கள், இனி இரண்டு மூன்று மாதத்துக்கு எந்தத் தேதியையும் குறிவைத்துப் பயிற்சி செய்ய வேண்டியதில்லை. இந்தச் சமயத்தில் நம்மைப் போல ஆர்வத்துக்காக ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், மீதிப் பேர் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டு சோபாவில் சாய்ந்துவிடுவார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. மலையேற்றம், ஓட்டம், நீச்சல், எடைப்பயிற்சி என்று உடம்பை வேறு பக்கம் திருப்பிவிடுவதுதான் நல்லது, அதை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சீசன் முழுக்க ஓட்டியதில் உங்கள் இதயமும் நுரையீரலும் நன்றாகத் தேறியிருக்கும். ஆனால் கணுக்கால், பாதம், குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு, இவற்றுக்கு அந்தப் பயிற்சி போய்ச் சேரவே இல்லை. சைக்கிளில் உங்கள் எடையில் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது, கால் தரையில் மோதுவதே கிடையாது. இப்படிப்பட்டவர் திடீரென்று ஓடப் போனால் லாரி எஞ்சினை ஸ்கூட்டரில் பூட்டிய கதைதான். மூச்சு ‘இன்னும் போகலாம், போகலாம்’ என்று சொல்லும். கால் என்ன நினைக்கிறது என்பது மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். அதனால் எவ்வளவு செய்வது என்பதை மூச்சிடம் கேட்காதீர்கள், காலிடம் கேளுங்கள். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் உங்களுக்கு ரொம்பக் குறைவாகத் தோன்றும். தோன்றட்டும், அகலக்கால் வைக்க வேண்டாம்.

படி 1: முதலில் நிஜமாகவே ஓய்வெடுங்கள்

ஒன்றிலிருந்து இரண்டு வாரம். நடக்கலாம், நீந்தலாம், குழந்தைகளோடு விளையாடலாம், ஆனால் ‘பயிற்சி’ என்ற பெயரில் எதுவும் வேண்டாம். உழைத்துச் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமே என்ற பயம் எல்லோருக்கும் வரும். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்ற 7 பேர் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 21 நாளில் 7% குறைந்தது. 56 நாள் ஆனபோது 16% குறைந்து, அதன்பின் பெரிதாக இறங்காமல் நின்றுவிட்டது. ஆக இரண்டு வார ஓய்வில் போவது கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதி ரத்தத்தின் அளவு குறைவதால் வருவது, மறுபடி தொடங்கினால் சீக்கிரமே திரும்பிவிடும்.

இந்த நாட்களில் சைக்கிளையும் கவனித்துவிடுங்கள். கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வைத்தால் போதும். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சரை அடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், சீசன் தொடங்கும்போது பார்க்க வேண்டும் என்று எங்காவது எழுதி வையுங்கள்.

படி 2: ஒரு மாடிப்படி போதும், சோதித்துப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் படிக்கட்டின் கடைசிப் படியில், இறங்கப்போவது போல முன்பக்கம் பார்த்து, வெறுங்காலோடு நில்லுங்கள். வலது காலில் முழு எடையையும் வைத்து, இடது குதிகாலை மெதுவாக, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே, தரையை நோக்கி இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் எடையைப் போடாமல் திரும்ப மேலே வாருங்கள். இப்போது வலது முழங்கால் சில்லைப் பாருங்கள். அது இரண்டாவது கால்விரலுக்கு நேராகப் போகிறதா, கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கமாகச் சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கமாகத் தொங்குகிறதா? கடைசி இரண்டு அங்குலத்தில் கட்டுப்பாடு போய் ‘தொப்’பென்று விழுகிறதா?

ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓட்டிய பலருக்கும் இதில் கால் நடுங்கும். காரணம் இதுதான்: பெடலை மிதிக்கும்போது தொடைத்தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. படி இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே வேலை செய்ய வேண்டும், உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். சைக்கிளில் இந்த இரண்டாவது வேலை கிட்டத்தட்டக் கிடையாது. பக்கவாட்டில் இடுப்பைத் தாங்கும் தசைக்கும் அங்கே பெரிய வேலை இல்லை, ஏனென்றால் பெடல் ஒரே தடத்தில்தான் சுற்றுகிறது.

நடுங்கினால் அதையே பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 8 முறை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும், அதற்குப் பிறகு மலைக்குப் போங்கள்.

படி 3: மலையேற்றம்

என்னைக் கேட்டால் சைக்கிள்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றுப் பயிற்சி இல்லை. ஏற்றத்தில் இதயத்துக்கு வேலை, இறக்கத்தில் தொடைக்கு வேலை, கரடுமுரடான பாதையில் கணுக்காலுக்கு வேலை, அதோடு மணிக்கணக்கில் வெளியில் இருக்கலாம், எத்தனை வாட் சக்தியில் மிதித்தீர்கள் என்ற கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் நடைக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற, 300 மீட்டருக்கு மேல் ஏறாத, நன்றாக நடமாட்டம் உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது. இன்றைய அளவில் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். இதில் உட்காருவது, சாப்பிடுவது, படம் எடுப்பது எதுவும் சேர்த்தியில்லை, புதியவர்கள் பாதி நேரத்தைக் கூடவே சேர்த்துக்கொள்வது நல்லது.

ஷூ விஷயத்தில் சைக்கிள் பழக்கம் நம்மை ஏமாற்றும். சைக்கிள் ஷூ பிடித்தாற்போல இருக்க வேண்டும், நடக்கும் ஷூவில் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்கள் முன்பக்கம் போய் மோதி நகம் கறுத்துவிடும். இடம் இருந்தும் கால் முன்னால் வழுக்கினால் கயிறு கட்டும் விதத்தை மாற்றுங்கள். ஷூவின் மேல்முனையில் கணுக்காலை ஒட்டிக் கூடுதலாக ஒரு துளை இருக்கும், யாரும் அதைத் தொடுவதே இல்லை. கயிற்றை அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு இரண்டு பக்கமும் ஒரு சிறு வளையம் வரும்படி செய்யுங்கள், பிறகு வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிடும். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு கொப்புளம் போட்டுவிடும்.

பையில் தண்ணீர், சாப்பாடு, மழை அங்கி, தலையில் மாட்டும் விளக்கு, விசில், சின்ன முதலுதவிப் பை. மொத்த எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கி வையுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அப்புறம், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, கடிகாரம் சொன்னால் திரும்பிவிட வேண்டும். ஆபத்து என்றால், ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்கிப் பரவலாக வழங்கும் முறை இது: ஒரு நிமிடத்தில் 6 முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி 6 முறை. விளக்கிலும் இப்படியே செய்யலாம். நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். சில நாடுகளில் 3 முறை ஊதுவதே ஆபத்துக்கான அடையாளம், போகும் இடத்தில் என்ன வழக்கம் என்று கேட்டு வையுங்கள்.

ஏறும்போது பேசிக்கொண்டே போக முடிகிற வேகம் போதும். இறங்கும்போதுதான் கவனம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்து, சின்னச் சின்ன அடியாக வைத்து, குதிகாலை ஊன்றி பிரேக் போடாமல் இறங்குங்கள். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். இவ்வளவு செய்தும் முதல் தடவை தொடை வலிக்கத்தான் செய்யும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இப்படி வலித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது.

படி 4: ஓடு, நட, ஓடு

சாலை சைக்கிள் மட்டுமே பல வருஷமாக ஓட்டுபவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலும்புக்குத் தரையின் மோதல் வேண்டும், அது ஓட்டத்தில் கிடைக்கிறது. ஆனால் அளவோடு.

5 நிமிடம் வேக நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. இந்த முறையைப் பரவலாக்கிய ஜெஃப் கேலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், அதனால் நடப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் வலி இல்லையென்றால் அடுத்த வாரம் ஓடுவதை 2 நிமிடமாக்கி, தடவையை 6 ஆகக் குறையுங்கள். அதற்கடுத்த வாரம் 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. மண் பாதை கிடைத்தால் தார்ச்சாலையை விட்டுவிடுங்கள்.

சைக்கிளில் பார்த்துப் பழகிய இதயத் துடிப்புக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அதே சிரமத்துக்கு ஓட்டத்தில் துடிப்பு பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும், நீச்சலில் குறைவாகக் காட்டும். முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

தசை முழுக்கப் பரவலாக வலித்தால் கவலை வேண்டாம். ஒரு விரல் நுனியால் ‘இதோ இங்கே’ என்று எலும்பின் மேல் தொட்டுக் காட்ட முடிகிற வலி, ஒற்றைக்காலில் குதித்தால் கூடுகிற வலி, ராத்திரி தூங்கும்போதும் விடாத வலி, இவை வந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: எடைப்பயிற்சி, வாரம் இரண்டு முறை

இதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் தொடக்கத்துக்குத் தேவையானது கொஞ்சம்தான். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், இடுப்பை மடித்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், பெட்டி மேல் ஒற்றைக்காலால் ஏறுவது, கையால் எடையைப் பின்னோக்கி இழுப்பது, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று (பிளாங்க் மட்டும் 20 முதல் 30 விநாடி). முதல் இரண்டு வாரம் எடையே வேண்டாம், உங்கள் உடம்பு போதும். இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். பின்னோக்கி இழுப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள், மாதக்கணக்கில் ஹாண்டில்பாரில் குனிந்து கிடந்த தோளுக்கு அது அவசியம்.

படி 6: ஒன்றைப் பிடித்ததற்காகவே செய்யுங்கள்

நீச்சல், துடுப்புப் படகு, பாறையேற்றம், ஸ்கேட்டிங், பனி இருக்கும் ஊரென்றால் பனிச்சறுக்கு. எதுவானாலும் சரி. ஸ்கேட்டிங்குக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது: 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்கில் 5 தங்கம் வாங்கிய எரிக் ஹைடன் 1986இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டினார். சைக்கிளை விட்டு இருக்கவே முடியாது என்பவர்கள் காட்டுப்பாதைக்கு மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது சேற்றிலும் மணலிலும் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சைக்ளோகிராஸை முயன்று பார்க்கலாம்.

படி 7: வாரத்தில் எப்படி அடுக்குவது

செவ்வாய், வியாழன் எடைப்பயிற்சி. புதன் ஓடு-நட, ஒரு மணி நேரத்துக்குள். சனி பிடித்த விளையாட்டு அல்லது நிதானமாக ஒரு சைக்கிள் சவாரி. ஞாயிறு மலை. திங்கள் முழு ஓய்வு, வெள்ளி இரண்டாவது ஓடு-நட, ஞாயிறு மலையில் கால் வலி மிச்சம் இருந்தால் அதை விட்டுவிடலாம். எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தொடங்காதீர்கள். முதலில் எடைப்பயிற்சியும் நடையும், இரண்டு வாரம் கழித்து ஓட்டம், அதன்பிறகு மற்றது. நீண்ட சவாரிகள் இல்லாத மாதங்களில் சாப்பாட்டின் அளவும் தானாகக் குறைய வேண்டும், ஆனால் பசி பழைய கணக்கிலேயே வரும், அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீசன் தொடங்க எட்டுப் பத்து வாரம் இருக்கும்போது சைக்கிள் நாட்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, மலையையும் ஓட்டத்தையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் சில சவாரிகளில் சீட் உறுத்தும், அதற்காக உடனே புதுச் சீட் வாங்கப் போகாதீர்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். எடைப்பயிற்சியில் ஒரு நாளையும் ஓட்டத்தில் ஒரு குட்டி நாளையும் சீசன் முழுக்க விடாமல் வைத்துக்கொண்டால், அடுத்த ஆஃப் சீசனில் அந்த மாடிப்படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.